முள்முருங்கைக் கொம்பில் இரண்டு குருவிகள்

1

போன வாரம் இங்குள்ள குடியேற்ற ஆபீசிலிருந்து பூர்த்தி செய்து தரச் சொல்லி எனக்கு ஒரு பாரம் வந்தது. சென்ற வருடம் நான் மதுரைக்குப் போனபோது, திரும்பி வருகையில் மனைவியை அழைத்து வரலாம் என்று ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். அது பயன்படாமலே காலம் முடிந்துபோனது. ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டு, பதில் எழுத ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். "மனைவி வர விரும்பவில்லை" என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குமாஸ்தா படித்துப் பார்க்கவில்லை. முத்திரை குத்திக் கட்டோடு சேர்த்துவிட்டார்.

அந்தக் கோட்டில் கொள்ளாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சோலை. மதுரைக்கு வடக்கே ஆனையூரில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். இருபத்திரண்டு வயதில் ஆள் பிடிக்கிறவரோடு போய்க் கப்பலேறி, அமெரிக்காக் கண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரினிடாட் என்ற இந்தத் தீவுக்கு வந்தேன். இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எழுதினால் ஓரளவு வரும். அதிலும் பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ள வேண்டும். இங்கே தமிழ் எழுத்தைக் காட்டினால் எந்தப் பக்கம் மேல் என்று கேட்கிறார்கள். கேட்டவள் என் மகள்தான்.

2

முதல் ஐந்து வருடம் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம். அது முடிந்ததும் போர்ட் ஆப் ஸ்பெயின் நகரத்தில் சர்க்கார் பூந்தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. இங்கே வந்து பார்த்தால் பாதிப் பூ நம்மூர்ப் பூவாகவே இருந்தது. செம்பருத்தி, அரளி, மயில்கொன்றை எல்லாம் உண்டு. கொக்கோ மரங்களுக்கு நிழலாக வரிசை வரிசையாக நட்டிருப்பது நம்முடைய முள்முருங்கையின் இனம். ஆனால் பனைமரம் உயரத்துக்கு வளர்கிறது. பூக்கிற காலத்தில் மலைச் சரிவே தீப்பிடித்தது போல இருக்கும்.

அந்தப் பூக்களுக்கு ஒரு குருவி வரும். நம்மூர்த் தேன்சிட்டு கிளையைப் பிடித்துக்கொண்டு தேன் குடிக்கும். இது எதையும் பிடிக்காது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி மூக்கை உள்ளே விடும். இறக்கை கண்ணுக்கே தெரியாது, புகை மாதிரி இருக்கும். வண்டுபோலச் சத்தம் வரும். வாய்க்குள் முனகுவது போல இருப்பதால் இங்கிலீஷ்காரர்கள் 'ஹம்மிங் பேர்ட்' என்கிறார்கள். கட்டைவிரல் பருமன்தான் உடம்பு.

ஒரு துரைசானி தினமும் குடை, ஸ்டூல், வர்ணப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து தோட்டத்தில் உட்கார்ந்து அந்தக் குருவிகளைப் பூவோடு சேர்த்து வரைவார். தீவில் இருக்கும் எல்லா வகையையும் வரைந்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். புருஷன் இல்லாதவர், பிள்ளையும் இல்லை. பூக்கொத்தை வெட்டி அவர் சொல்கிற கோணத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலையாயிற்று. மணிக்கணக்காக வாயைத் திறக்காமல் நிற்பதற்கு என்னைவிட நல்ல ஆள் அவருக்குக் கிடைத்திருக்க முடியாது.

ஒருநாள் அவர் தலைவலி என்று எழுந்து போனபோது, பாதியில் நின்ற ஓர் இலைக்கு நான் பச்சை போட்டுவிட்டேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தவர் திட்டவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் வர்ணம் தீட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் இங்கிலீஷ் இல்லை. அன்று முதல் இலையும் தண்டும் என் பொறுப்பு. இரண்டு வருடம் கழித்துப் பூவும் என் கைக்கு வந்தது. குருவியை மட்டும் அவர்தான் போடுவார்.

குருவியின் தொண்டையில் இருக்கிற நிறம் எந்த வர்ணத்திலும் இல்லை. இப்படிப் பார்த்தால் கறுப்பு, கொஞ்சம் திரும்பினால் கனலும் தங்கமும். துரைசானி முதலில் தங்க ரேக்கு என்ற மெல்லிய தகட்டை ஒட்டி, அதன்மேல் நீர்த்த சிவப்பை மூன்று தடவை பூசுவார். ஒவ்வொரு தடவையும் காயும்வரை பேச்சே கிடையாது. அந்த வேளையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என் வாழ்நாளில் நான் நிம்மதியாக இருந்த நேரம் என்று சொல்லலாம்.

3

நான் கப்பலேறும்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவி பேச்சி, மதுரைக்குத் தெற்கே அவனியாபுரத்துக்காரி. பிள்ளை இல்லை. ஐந்து வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் புறப்பட்டேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் தெருவுக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் தெரு முனையில் நின்று உரக்கப் படிப்பார். மாட்டை ஓட்டிப் போகிறவன்கூட நின்று கேட்டுவிட்டுப் போவான். என் மனைவிக்கு நான் சொல்வதை ஊரே கேட்பது என்றால் எனக்கு உடம்பு கூசியது. அதனால் எழுத வேண்டாம், படம் போட்டு அனுப்பு என்று அவளே சொல்லியிருந்தாள். கரும்புத் தோட்டத்தில் இருந்தபோது பென்சிலால் கரும்பு, ஆலை, நான் குடியிருந்த லயம் என்று வரைந்து அனுப்பினேன். பூந்தோட்டத்துக்கு வந்தபின் வர்ணம் கிடைத்தது. பொங்கலுக்குப் போய்ச் சேருகிற மாதிரி வருடத்துக்கு ஓர் அட்டை. அதில் ஒரு பூ, ஒரு குருவி. குருவி எப்போதும் ஒன்றுதான். ஒற்றைக் குருவியைப் போட்டால் நான் தனியாகச் சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. பதிலுக்குத் தபால்காரர் கையால் இரண்டு வரி வரும். அதன் கீழே மையில் தோய்த்த அவளுடைய கட்டைவிரல் ரேகை இருக்கும்.

ஆறாம் வருடம் நான் ரோசலின் என்ற பெண்ணோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தேன். மதராசிக் குடும்பம். ஆனால் இங்கேயே பிறந்தவள், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி. காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள். அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆல்பர்ட் என்று ஒரு மகன் பிறந்தான். ஒன்பதாம் வருடம் எமிலி என்று மகள். அந்த வருடமும் வழக்கம் போலப் பேச்சிக்கு அட்டை அனுப்பினேன்.

துரைசானி அப்போது செந்தலைக் குருவி என்று நான் பேர் வைத்திருந்த வகையை வரைந்து கொண்டிருந்தார். இப்படிப்பட்ட புத்தகங்களில் ஆணையும் பெண்ணையும் ஒரே தாளில் சேர்த்துத்தான் போட வேண்டுமாம். ஆணுக்குத்தான் மினுக்கு, பெண் சாம்பல் நிறம். உண்மையில் இந்த ஆண் குருவி கூட்டின் பக்கமே வராது. கூடு கட்டுவது, அடைகாப்பது, இரை ஊட்டுவது எல்லாம் பெண்தான். துரைசானிக்கும் அது தெரியும். "புத்தகத்துக்காக அவனை ஒருநாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்" என்று சிரிப்பார். அந்தப் படத்தை வைத்து நானும் ஓர் அட்டை போட்டேன். முள்முருங்கைக் கொம்பு, அதன் சிவப்புப் பூ. கொம்பின் கவட்டில் பஞ்சு வைத்த சின்னக் கூடு, கூட்டுக்குள் இரண்டு முட்டை. ஒரு பக்கம் ஆண், மறு பக்கம் பெண். தங்க ரேக்கு எனக்கு ஏது? சிகரெட் பெட்டியில் வருகிற வெள்ளிக் காகிதத்தை ஒட்டி அதன்மேல் மஞ்சளும் சிவப்பும் பூசினேன்.

அதற்குப் பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நானும் அனுப்பவில்லை.

4

ரோசலின் இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்தாள். ஆல்பர்டுக்கு இப்போது பதினாறு வயது. தீவின் தெற்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று அப்போதே சொல்லிக்கொண்டிருந்தான். எமிலிக்குப் பதினாலு. தமிழில் 'வா', 'சோறு' என்று இரண்டு வார்த்தை தெரியும். அதைக்கூட அவள் தோழிகள் முன்னால் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் மீசையையும் நான் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் பார்த்து இரண்டு பேரும் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதிதான் விளங்கும்.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பேச்சியின் நினைவு வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நம்மூர்ப் பெண் காத்திருப்பாள் என்று நினைத்தேன். பதின்மூன்று வருடமாக ஓர் அட்டைகூட அனுப்பாதவன் அப்படி நினைத்தேன். துரைசானி சிபாரிசு செய்து ஆறு மாத விடுப்பும், குடியேற்ற ஆபீசில் அனுமதிச் சீட்டும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் மனைவிதான் என்று கிராம முன்சீப்பிடம் எழுதி வாங்கி வர வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள்.

மதராஸிலிருந்து வந்த ரயிலில், சோழவந்தான் தாண்டி நாகமலை நீளமாகப் படுத்துக்கிடப்பதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் இன்னும் மதுரை வரவில்லை, உட்காருங்கள் என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னது இந்துஸ்தானியில். இந்தத் தீவில் கூலிக்காரர்களுக்குள் அதுதான் பேச்சு. சொந்த ஊருக்குள் நுழையும்போது என் வாயில் அதுதான் வந்தது.

நேரே பேச்சியிடம் போகவில்லை. வெறுங்கையோடு அவள் முன்னால் போய் நின்று என்ன பேசுவது? முன்சீப்பின் தாளை வாங்கிக்கொண்டு போனால் அதை நீட்டினால் போதும் என்று ஆனையூருக்குப் போனேன். முன்சீப் வீட்டு வாசலுக்குள் எங்கள் ஆட்கள் போகக்கூடாது. வேப்பமரத்தடியில் நின்றேன். காலில் பூட்ஸ் இருந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். முன்சீப் வெளியே வந்து முதலில் பூட்ஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் செத்துப்போனதாக யாரோ சொன்னார்கள் என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பேச்சி? அவனியாபுரத்துக்காரியா?" என்றார். "அவ தீத்துக்கிட்டுப் போயி வருசம் பன்னெண்டு ஆச்சேப்பா. பஞ்சாயத்துல துரும்பு கிள்ளிப் போட்டுட்டாங்க. அத்துவிட்டவளப் பொண்டாட்டின்னு சர்க்கார் தாள்ல நான் எப்பிடி எழுதுறது?"

எங்கள் சாதியில் புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் பஞ்சாயத்தில் ஒரு வைக்கோல் துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் முடிந்தது. அதற்குப் பின் அவள் வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாம். இது எனக்குத் தெரியாததல்ல. எனக்கு நடக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

5

அவனியாபுரத்தில் பேச்சியின் அண்ணன் மாயாண்டி இருக்கிறார். கண்மாய்க்கரையில் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க மாப்ள" என்றார். சொன்ன பிறகு, அப்படிக் கூப்பிடலாமா என்பது போல நின்றார்.

நடந்ததை அவர்தான் சொன்னார். அந்த அட்டை வந்தபின் பேச்சி இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் நாள் அவரிடம் கொண்டுவந்து காட்டி, "அண்ணே, அந்த ஆளு அங்க குடும்பமாயிட்டாரு. ரெண்டு பிள்ளையும் ஆயிருச்சு" என்றாளாம். அவர் நம்பவில்லை. குருவிப் படம்தானே என்றாராம். அவள் கொம்பைத் தொட்டுக் காட்டினாளாம். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் பந்தலில் முள்முருங்கைக் கொம்பைத்தான் ஊன்றுவார்கள். எங்கள் கல்யாணத்துக்கு அந்தக் கொம்பை வெட்டிக்கொண்டு வந்தவரே மாயாண்டிதான். அதன் பிறகு அவரே பஞ்சாயத்தைக் கூட்டினார். அந்த அட்டையைத்தான் சாட்சியாக நடுவில் வைத்தார்கள். பெரியவர்கள் பார்த்துவிட்டு, கல்யாணக் கொம்பு, ஜோடி, இரண்டு முட்டை, இதைவிட என்ன வேண்டும் என்று துரும்பைக் கிள்ளிப் போட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கிணறு வெட்டுகிற வீரணன் என்பவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பெண் பிள்ளை, ஒன்பது வயது. அதே ஊரில் கிழக்குத் தெருவில் வீடு.

நான் அன்றே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மாயாண்டி வீட்டில் நாலு நாள் தங்கினேன். அவர் மனைவி சோறு போட்டாள். உருளைக்கிழங்கை நான் 'ஆலு' என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பேச்சியின் பழைய புருஷன் அமெரிக்காவிலிருந்து பெண்டாட்டியைக் கூட்டிப்போகச் சர்க்கார் சீட்டோடு வந்திருக்கிறான், பாவம் இத்தனை வருடம் காத்திருந்தவன், இவள் ஒரு குருவிப் படத்தைப் பார்த்துத் தாலியை அறுத்துவிட்டாள் என்று. இதை வீரணனின் அக்காதான் கிணற்றடியில் அதிகம் சொன்னாளாம். அவளுக்குப் பேச்சியை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

ஐந்தாம் நாள் காலையில் பேச்சியே நாட்டாமையிடம் போய் முறையிட்டாள். எல்லாரும் கூடுங்கள், அந்த ஆளையும் கூப்பிடுங்கள், அன்றைக்குச் செய்தது சரியா தப்பா என்று அவர் வாயால் சொல்லட்டும் என்று. என்னோடு வருவதற்காக அவள் கேட்கவில்லை. வீரணனையோ பிள்ளையையோ விட்டு வர அவளுக்கு எண்ணமே இல்லை. செய்தது சரி என்று ஊருக்குத் தெரிந்தால்தான் அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க முடியும். அவளுக்கு வேண்டியது என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

கண்மாய்ப் புளியமரத்தடியில் கூடினார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். பேச்சி பெண்கள் பக்கம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அவளை நான் பார்த்தது அங்கேதான். நாட்டாமை தன் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வந்திருந்தார். எண்ணெய்க் கறை படிந்து, ஆண் குருவியின் தொண்டையில் நான் ஒட்டிய வெள்ளிக் காகிதம் கறுத்துப் போயிருந்தது. நீ போட்டதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீரணனின் அக்கா சும்மா இருக்கவில்லை. "குருவிப் படத்துக்கே தாலிய அத்தவ. எந்தம்பி நாளைக்கு வீட்டுல ஒரு மயிலு படத்த மாட்டுனா அம்புட்டுத்தான்" என்றாள். கூட்டம் சிரித்தது. வீரணனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

பேச்சி என்னைப் பார்த்தாள்.

"நான் ஒங்கூட வாரேன்னு சொல்லலய்யா" என்றாள். "நிசத்த மட்டும் சொல்லிட்டுப் போ. இங்க நிக்கிற அம்புட்டுப் பேரும் கேக்கட்டும். அது எனக்குப் போட்ட படமா, இல்லையா?"

அத்தனை கண்ணும் என்மேல் இருந்தது. ஒருத்தியோடு இருந்தேன், இரண்டு பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் அந்தச் சிரிப்பு முழுவதும் என் பக்கம் திரும்பும். கூட்டிப் போக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும் என் யோக்கியதை அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நான் அட்டையையே பார்த்தேன். அதைப் பற்றிப் பேச எனக்குத் தெரியும். வாய் தானாகத் திறந்தது.

"இது புத்தகத்துக்குப் போடுற படங்க" என்றேன். "அங்க ஆணையும் பொண்ணையும் சேத்துத்தான் போடணும், அதான் வழக்கம்."

அப்புறம் நிறுத்தவே இல்லை. துரைசானியைப் பற்றிச் சொன்னேன். அந்தக் குருவி அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதைக் கையால் காட்டினேன். முள்முருங்கை எதற்கு என்று நாட்டாமை கேட்டார். அந்த ஊரில் அந்த மரம்தான் காடு மாதிரி இருக்கிறது, குருவி அதற்குத்தான் வரும் என்றேன். தங்க ரேக்கு ஒட்டுவதையும், மூன்று தடவை சிவப்பு பூசுவதையும் சொன்னேன். என் ஆயுளில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நான் இவ்வளவு நேரம் பேசியது அன்று ஒரு நாள்தான். பேச்சு சரளமாக வந்தது. ஆட்கள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"ரெண்டு முட்டை இருக்கே" என்றாள் பேச்சி. "அதுவும் புத்தகந்தானா?"

"அந்தக் குருவி எப்பவும் ரெண்டு முட்டைதான் இடும்" என்றேன். அதுவும் உண்மை.

அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நல்லாப் பேசுறய்யா இப்ப" என்று மெதுவாகச் சொன்னாள்.

நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். பேச்சி அவசரப்பட்டுவிட்டாள், அவள் பேச்சைக் கேட்டு நாங்களும் அவசரப்பட்டோம், நடந்ததை மாற்ற முடியாது, இந்த மனுஷனிடம் ஊர் சார்பில் வருத்தம் சொல்கிறோம் என்றார். அட்டையை என் கையில் கொடுத்தார். ஆட்கள் வந்து என் தோளைத் தட்டினார்கள். ஒருவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்தேன். பேச்சியும் மகளும் கிழக்குத் தெருப் பக்கம் நடந்துபோனார்கள். வீரணன் அவர்களோடு போகவில்லை.

6

திரும்பி வந்து இந்தத் தீவில் இறங்கி இந்த மாதத்தோடு ஒரு வருடம். காலையில் தோட்டத்துக்குப் போகிறேன். துரைசானிக்குக் கண் மங்கிவிட்டது. புத்தகம் முடிந்துவிட்டதால் இப்போது சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். ஆல்பர்ட் எண்ணெய்க் கம்பெனிக்குப் போய்விட்டான். எமிலி தையல் படிக்கப் போகிறாள். அப்பா, நீ இந்தியாவுக்கு எதற்குப் போனாய் என்று ஒருநாள் கேட்டாள். சொந்தக்காரர்களைப் பார்க்க என்றேன். நல்லா இருக்கிறார்களா என்றாள். இருக்கிறார்கள் என்றேன்.

குடியேற்ற ஆபீஸ் பாரத்துக்குப் பதில் கொடுத்து மூன்றாம் நாள் மாயாண்டியின் கடிதம் வந்தது, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு வீரணனின் வீட்டார் பேச்சியையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். புருஷனை இல்லாத பழி சொல்லி அறுத்தவள், எங்களையும் ஒருநாள் அப்படித்தான் செய்வாள் என்று அக்கா சொல்லிச் சொல்லி, கடைசியில் வீரணனும் அதையே சொன்னாராம். பேச்சி அண்ணன் வீட்டுக்கும் வரவில்லை. மலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போன ஒரு கங்காணியோடு போனதாக ஒருவர் சொல்கிறார். இலங்கைக்குப் போனதாக இன்னொருவர் சொல்கிறார். மாயாண்டி மூன்று இடத்தில் போய் விசாரித்துவிட்டார். கடிதத்தின் முடிவில் இப்படி இருந்தது: "மாப்ள, ஒரு வார்த்தை கேக்குறேன். அந்தப் படம் நெசமாவே புத்தகத்துக்குத்தானா? அவ பக்கம் நிக்காமப் போயிட்டமோன்னு மனசு கிடந்து அடிக்குது."

நாலு தடவை பதில் எழுதினேன். நாலையும் கிழித்தேன். தபால்காரர் தெருமுனையில் நின்று படிப்பாரே என்ற பயம் காரணம் இல்லை. இப்போது படித்தால்தான் நல்லது. ஆனால் மாயாண்டி ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதாது. நான் பொய் சொன்னது ஐம்பது அறுபது பேருக்கு முன்னால். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். என் பெயரையும் ஊரையும் மறைக்க வேண்டாம்.

மாயாண்டி மச்சான், துரைசானியின் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. செந்தலைக் குருவி அதில் முப்பத்தோராவது படம். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் இருக்கின்றன, அந்த அளவுக்கு நான் சொன்னது சரி. ஆனால் அவர் வரைந்தது செம்பருத்திச் செடி. முள்முருங்கை அந்தப் படத்திலேயே கிடையாது. கூடும் பக்கவாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. எமிலி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ரோசலின் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதினால் ஊர் கேட்கும். அதனால் செம்பருத்தியை எடுத்துவிட்டு முள்முருங்கைக் கொம்பைப் போட்டேன். கூட்டை முன்பக்கமாகச் சாய்த்து, முட்டை இரண்டும் தெரியும்படி வரைந்தேன். பேச்சிக்குத்தான் போட்டேன். அவள் ஒன்றுவிடாமல் சரியாகத்தான் படித்தாள்.

அவனியாபுரத்தில் இதை யாராவது நாட்டாமைக்கும் கிழக்குத் தெருவுக்கும் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்க, அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.